பென்ஷனும் பிரயாணமும்

உத்தியோகத்திலிருந்து ரிடையர் ஆகிறவர் ஒருவர். அதனால் தூக்கம் கெடுகிறவர் இன்னொருவர். முன்னவர் வீட்டுக்காரர். பின்னவர் யார் என்று வாசகிகளுக்குச் சொல்லவும் வேண்டுமா?

ஆபீஸில் மாலை போட்டு, படம் பிடித்து, ஒரு கைக்கடிகாரத்தையும் பரிசாகக் கொடுத்து அனுப்பி விடுகிறார்கள். நேரம் பார்க்கவேண்டிய அவசியமே இல்லாத நாள் வந்த பிறகு கடிகாரம் கொடுக்கிறார்களே, அதுதான் வேடிக்கை! மறுநாள் காலையில் அவர் சாவகாசமாகப் பேப்பரைப் பிரித்துக்கொண்டு உட்காருகிறார். அடுப்பங்கரைக்கு மட்டும் அன்றைக்கும் வழக்கம்போல ஐந்தரை மணிக்கே விடிந்துவிடுகிறது. சமையலுக்கு ஏது ரிடையர்மெண்ட்?

ஒரு வாரம் இப்படிப் போகும். அப்புறம்தான் அந்தக் கேள்வி தலை தூக்கும். "இனிமேல் எங்கே இருப்பது?"

குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். பட்டணத்தில் வாடகையைக் கேட்டால் பென்ஷனே வெட்கப்பட்டு ஓடும். பிள்ளை பெங்களூரில் இரண்டு அறை ஜாகையில் இருக்கிறான். பெண் கடல் கடந்து போய்விட்டாள். சொந்த ஊரிலோ, பூர்விக வீட்டை அண்ணன் தம்பி நாலு பேர் பாகம் பிரித்து, நடுக்கூடத்தில் சுவர் எழுப்பிவிட்டார்கள். யோசனை சொல்கிறவர்களுக்கு மட்டும் பஞ்சமே இல்லை. ஸ்ரீரங்கம் என்கிறார் ஒருவர். கோயம்புத்தூர் தண்ணீரைப்போல உண்டா என்கிறார் இன்னொருவர். மைசூர், கும்பகோணம், குற்றாலம் என்று பட்டியல் நீளுகிறது.

சில தம்பதிகள் செய்கிற காரியம் எனக்குப் புத்திசாலித்தனமாகப் படுகிறது. சாமான்களை ஓர் அறையில் போட்டுப் பூட்டிவிட்டு, கையில் இரண்டு பெட்டியோடு ஊர் ஊராகப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார்கள். கோயிலும் சேவித்தாயிற்று, குடியிருக்க இடமும் தேடியாயிற்று.

சக்கரம் வைத்த வீடு

அமெரிக்காவில் இதையே பெரிய அளவில் செய்கிறார்கள். அங்கே வீடே மோட்டாரில் ஏறிக்கொள்கிறது. பஸ் அளவுக்கு ஒரு வண்டி. உள்ளே படுக்கை, காஸ் அடுப்பு, குளிர்ப்பெட்டி, ஸ்நான அறை எல்லாம் அடக்கம். சொந்த வீட்டை விற்றுவிட்டு, அதில் ஏறிக் கிளம்பிவிடுகிற கிழவர் கிழவிகள் ஏராளம். வடக்கே பனி கொட்ட ஆரம்பித்தால் தெற்கே ஓட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். அரிஸோனா மாகாணத்துப் பாலைவனத்தில் க்வார்ட்ஸைட் என்று ஒரு சின்ன ஊர். குளிர்காலத்தில் அங்கே இந்த வண்டிகள் ஆயிரக்கணக்கில் வந்து நிற்கும். செப்டம்பர் மத்தியிலிருந்து ஏப்ரல் மத்தி வரை, 7 மாதம் தங்குவதற்கு அரசாங்கமே அனுமதிச் சீட்டு கொடுக்கிறது. ஆஸ்திரேலியாவிலும் இந்த வழக்கம் உண்டு. அங்கே இவர்களுக்கு 'நரைத்த நாடோடிகள்' என்று பெயர்!

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், கண் மங்கி, கால் தளர்ந்து, வண்டி ஓட்ட முடியாமல் போகிற நாள் வருமே, அன்றைக்கு எங்கே போவது? வீட்டைத்தான் விற்றாயிற்றே!

இந்தக் கேள்விக்கு விடை தேடியவர்கள் ஜோ பீட்டர்ஸன், கே பீட்டர்ஸன் என்ற தம்பதிகள். அவர் எலெக்ட்ரீஷியன், அம்மாள் நர்ஸ். வண்டியிலேயே வாழ்ந்துகொண்டு ஊர் ஊராகப் போனவர்கள். 1978-ல் தங்களைப் போன்றவர்களுக்காக 'எஸ்கேப்பீஸ்' என்று ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். 'தப்பி ஓடியவர்கள்' என்று வைத்துக்கொள்ளலாம். டெக்ஸாஸ் மாகாணத்தில் லிவிங்ஸ்டன் என்ற ஊரில் அதன் தலைமை இடம். நிலையான விலாசம் இல்லாதவர்களுக்கு வருகிற கடிதங்களை வாங்கி, அவர்கள் எந்த ஊரில் இருக்கிறார்களோ அந்த ஊருக்கு அனுப்பி வைப்பது சங்கத்தின் முக்கியமான வேலை. அதே ஊரில் வயோதிகர்களுக்காக ஒரு நிலையமும் ஏற்படுத்தினார்கள். தளர்ந்து போனவர்கள் தங்கள் வண்டியைக் கடைசியாக அங்கே கொண்டுவந்து நிறுத்திவிட்டு, அதிலேயே குடியிருக்கலாம். சாப்பாடு பொதுக் கூடத்தில். துணி துவைக்க, டாக்டரிடம் அழைத்துப்போக ஆள் உண்டு. பழகிய படுக்கையையும் பழகிய ஜன்னலையும் விடவேண்டியதில்லை. நோயாளிகளோடு பழகிய ஒரு பெண்மணிக்குத்தான் இந்த யோசனை தோன்றியிருக்க முடியும் என்பது என் எண்ணம்.

எல்லாரும் உல்லாசத்துக்காகக் கிளம்பியவர்கள் என்றும் நினைத்துவிடாதீர்கள். 2008-ல் அங்கே பொருளாதாரம் சரிந்தபோது, சேமிப்பையும் வீட்டையும் இழந்துவிட்டு, வேறு வழியில்லாமல் வண்டியில் குடியேறிய வயதானவர்கள் உண்டு. கிடங்குகளில் பெட்டி தூக்கியும், முகாம்களில் கழிவறை கழுவியும் பிழைத்தார்கள். அவர்களோடு பிரயாணம் செய்து, ஜெஸிக்கா புரூடர் என்ற பத்திரிகைக்காரி எழுதிய புத்தகம் 2017-ல் வெளிவந்தது. 'நோமாட்லண்ட்' என்ற சினிமாவாகவும் வந்து 2021-ல் ஆஸ்கார் பரிசு வாங்கியது.

நம் ஊர்க் கூண்டு வண்டி

நமக்கும் இது புதிதல்ல. வைக்கோலைப் பரப்பி, மேலே ஜமக்காளம் விரித்து, பின்னால் அரிசி மூட்டையும் செம்புக் குடமும் கட்டித் தொங்கவிட்டு, கூண்டு வண்டியில் ஊர் ஊராக யாத்திரை போனவர்கள் நம் பாட்டிமார். சத்திரத்துத் திண்ணையில் மூன்று கல்லை வைத்து அடுப்பு மூட்டினால் வீடு தயார்! சென்னையிலிருந்து ஏனுகுல வீராசாமி என்பவர் 1830 மே மாதம் காசி யாத்திரை கிளம்பி, 1831 செப்டம்பரில் திரும்பி வந்தார். வழியில் கண்டதையெல்லாம் நாள்வாரியாகத் தெலுங்கில் எழுதியும் வைத்தார். போய்வர 15 மாதத்துக்கு மேல் ஆயிற்று.

இப்போது கேரளத்தில், வீடு போன்ற மோட்டார் வண்டிகளில் பிரயாணம் செய்வதற்கு அரசாங்கமே 2021-ல் திட்டம் வகுத்தது. வாடகைக்கும் வண்டி கிடைக்கிறது. ஆனால் நம் பக்கத்து வெயிலில் இரும்புக் கூட்டுக்குள் உட்கார்ந்து சமைப்பதை எண்ணிப் பாருங்கள். இராத்திரி வண்டியை எங்கே நிறுத்துவது, கழிவு நீரை எங்கே கொட்டுவது என்ற கஷ்டங்களும் இருக்கின்றன. ஆண்களுக்கு வண்டியைப் பார்த்தால் ஆசை வரும். அந்த ஒன்றரை முழ அடுப்படியில் நின்று தோசை வார்க்கப்போவது யார் என்று கேட்டுவிட்டு, அப்புறம் சம்மதம் சொல்லுங்கள்.

கொச்சியில் டீக்கடை வைத்திருந்த விஜயன், மோகனா தம்பதிகளுக்கு வண்டியும் இல்லை, பென்ஷனும் இல்லை. தினசரி வியாபாரத்தில் கொஞ்சம் எடுத்து வைத்து, போதாததற்குக் கடன் வாங்கி, திரும்பி வந்து அந்தக் கடனை அடைத்து, மறுபடியும் கிளம்பி, இப்படியே 26 தேசங்களைப் பார்த்தார்கள். ருஷ்யாவுக்குப் போய்விட்டு வந்த சில வாரங்களில், 2021 நவம்பரில், விஜயன் காலமானார். கடையையும் வீட்டையும் கொச்சியிலேயே வைத்துக்கொண்டு ஊர் சுற்றியது அவர்களுடைய சாமர்த்தியம்.

நம்மவர்களுக்கு என்றைக்கும் ரயில்தான் சக்கரம் வைத்த வீடு. 60 வயதான ஆண்களுக்கும் 58 வயதான ஸ்திரீகளுக்கும் கட்டணத்தில் கொடுத்துவந்த சலுகையை 2020 மார்ச்சில் நிறுத்திவிட்டார்கள் என்பது பெரிய குறை. ஆனாலும் 45 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்குக் கீழ்ப் படுக்கை ஒதுக்கீடு இருக்கிறது. டிக்கெட் வாங்கும்போது வயதைக் குறைத்துச் சொல்லாமல் இருந்தால் போதும்!

கிழவி என்றால் கோபம்

இப்படி ரயிலில் ஊர் தேடிக்கொண்டு போகிறவர்கள் ஒரு தடவை இறங்கிப் பார்க்கவேண்டிய ஊர் விருத்தாசலம். விழுப்புரத்திலிருந்து திருச்சிக்குப் போகும் மார்க்கத்தில் இருக்கிறது. சேலத்திலிருந்து வருகிற பாதையும் கடலூரிலிருந்து வருகிற பாதையும் இங்கேதான் கூடுகின்றன.

'விருத்தம்' என்றால் முதுமை, 'அசலம்' என்றால் மலை. தமிழில் திருமுதுகுன்றம். பெயரிலேயே வயதை வைத்துக்கொண்டிருக்கிற ஊர். ஸ்வாமிக்குப் பழமலைநாதர் என்று பெயர். காசியைவிட வீசம் புண்ணியம் அதிகம் என்பதால் விருத்தகாசி என்று பெரியவர்கள் சொல்லுவார்கள். வீசம் என்றால் பதினாறில் ஒரு பங்கு. அணாக் கணக்கு தெரிந்தவர்களுக்கு, ரூபாய்க்கு ஓரணா கூட! கடைசி மூச்சை இங்கே விட்டால் மோக்ஷம் என்று நம்பிய வயோதிகர்களுக்கு, வடக்கே அத்தனை தூரம் போகாமல், மணிமுத்தாற்றங்கரையிலேயே காசி கிடைத்துவிட்டது.

நிஜக் காசியில் முக்தி பவன் என்று ஒரு விடுதி இருக்கிறது. உயிரை விடுவதற்கென்றே வருகிறவர்களுக்கு அங்கே இடம் கொடுப்பார்கள். சுமார் இரண்டு வாரம் தவணை. அதற்குள் பிராணன் போகவில்லையென்றால், பெரும்பாலும் அறையைக் காலி செய்துகொண்டு வீடு திரும்ப வேண்டியதுதான். விருத்தகாசியில் அப்படித் தவணை ஒன்றும் கிடையாது.

கோயிலில் எல்லாம் ஐந்து ஐந்து. கோபுரம் ஐந்து, பிராகாரம் ஐந்து, தீர்த்தம் ஐந்து, தேர் ஐந்து, கொடிமரம் ஐந்து. முன்கோபுரத்தைத் தாண்டியதும் படி இறங்கிப் போய்த் தரிசிக்கவேண்டிய ஆழத்துப் பிள்ளையார். முழங்கால் வலிக்காரர்கள் மேலே நின்றே கும்பிட்டுக்கொள்ளலாம், பிள்ளையார் கோபித்துக்கொள்ள மாட்டார்.

கோபித்துக்கொண்டவள் அம்பாள். அந்தக் கதையைக் கேளுங்கள். குருநமசிவாயர் என்ற அடியார் திருவண்ணாமலையிலிருந்து சிதம்பரத்துக்குப் போகிற வழியில் இந்த ஊரில் தங்கினார். இராத்திரி நல்ல பசி. பெரியநாயகியம்மையைக் கூப்பிட்டுச் சோறு கேட்டுப் பாடினார். ஊர் முதுகுன்றம், ஸ்வாமி பழமலைநாதர், அம்மனும் விருத்தாம்பிகை. ஆகவே பாட்டில் 'கிழத்தி' என்று சொல்லிவிட்டார். அம்பாளும் ஒரு கிழவியின் ரூபத்திலேயே வந்து நின்றாள். "கிழவி, கிழவி என்று பாடுகிறாயே, கிழவியால் எப்படி அப்பா சோறு சுமந்து வர முடியும்?" என்று கேட்டாள். அடியார் திடுக்கிட்டுப்போய், இளமையாக வர்ணித்து மறுபடியும் பாடினார். உடனே இளம்பெண்ணாக வந்து, கையில் அன்னத்தோடு நின்றாளாம். அதனால்தான் இந்தக் கோயிலில் பெரியநாயகிக்கு ஒரு சந்நிதியும், இளையநாயகியான பாலாம்பிகைக்கு ஒரு சந்நிதியும் இருக்கின்றன.

பக்தர்கள் இதில் அம்பாளின் கருணையைப் பார்ப்பார்கள். எனக்கு அந்தக் கேள்விதான் பிடித்திருக்கிறது. கிழவி என்று ஒப்புக்கொள்கிற வாய், அவளிடமே சோறு கேட்கிறதே! நம் வீடுகளில் இது தினம் நடக்கிற சமாசாரம் அல்லவா?

களிமண்ணும் கணீரென்ற ஜாடியும்

கோயில் பழசு, தொழில் அதற்கு நேர்மாறு. விருத்தாசலத்துக்கு இன்னொரு பெயர் பீங்கான் ஊர். பக்கத்து நெய்வேலியில் நிலக்கரிச் சுரங்கத்தை 1957-ல் நேரு ஆரம்பித்து வைத்தார். கரியை எடுக்க வேண்டுமானால் மேலே மூடியிருக்கிற மண்ணை அகற்றியாக வேண்டும். அந்த மண்ணுக்குள் பீங்கானுக்கு ஏற்ற வெள்ளைக் களிமண்ணும் அகப்பட்டது. கரிக்காகத் தோண்டியவர்களுக்குக் களிமண் இனாம்! விருத்தாசலத்தில் பீங்கானுக்கென்றே தொழிற்பேட்டை வந்தது. பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்க அரசாங்கப் படிப்பும் ஏற்பட்டது. பொம்மைகள், அகல் விளக்கு, ஜாடி, மின்சாரக் கம்பத்துக்குப் பீங்கான், வீட்டு மின்சாரப் பலகையில் மாட்டுகிற ஃப்யூஸ் கட்டை என்று எத்தனையோ சாமான்கள் இங்கே உருவாகின்றன.

பொம்மை செய்கிற முறை சமையல் தெரிந்தவர்களுக்கு எளிதில் புரியும். களிமண்ணோடு, வெண்கல் என்கிற படிகக் கல்லையும் ஃபெல்ஸ்பார் என்ற கல்லையும் மாவாக அரைத்துச் சேர்த்து, தண்ணீர் விட்டுத் தோசைமாவுப் பதத்துக்குக் கரைத்துக்கொள்கிறார்கள். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் செய்த அச்சு தயாராக இருக்கும். அதற்குள் இந்தக் கரைசலை வழிய வழிய ஊற்றுகிறார்கள். அச்சு சும்மா இருப்பதில்லை. தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஓரத்தில் இருக்கிற மண், தோசைக்கல்லில் மாவு பிடிப்பதுபோல, ஏடாகப் படியும். வேண்டிய கனம் வந்ததும் அச்சைக் கவிழ்த்து மிச்சக் கரைசலைக் கொட்டிவிடுகிறார்கள். சற்று இறுகினதும் அச்சைப் பிரித்தால் உள்ளே கூடான பொம்மை. ஓரத்துப் பிசிறைக் கத்தியால் சீவி, ஈரத் துணியால் துடைத்து, நிழலில் காய வைக்கிறார்கள். அவசரப்பட்டு வெயிலில் வைத்தால் வெடித்துவிடும்.

பிறகு சூளை. முதல் தடவை சுட்டெடுத்ததற்கு 'பிஸ்கட்' என்று பெயர். தின்பதற்கல்ல! அதன்மேல் கண்ணாடிபோல உருகுகிற பூச்சில் முக்கி எடுத்துத் திரும்பவும் சுட்டால்தான் பளபளப்பு வரும். பீங்கான் வேக 1,200 டிகிரி அளவுக்குச் சூடு வேண்டும். வெந்து வரும்போது உருவம் சுருங்கிவிடும். ஆகையால் அச்சையே அதற்குத் தகுந்தபடி பெரிதாகச் செய்து வைக்கிறார்கள். பிள்ளைக்குச் சட்டை தைக்கும்போது நாம் வளர்த்தியைக் கணக்குப் பண்ணிப் பெரிதாகத் தைக்கிறோம். இங்கே சுருங்கப்போவதைக் கணக்குப் பண்ணுகிறார்கள்.

ஊறுகாய் ஜாடி ஏன் பீங்கானில் இருக்கிறது? உப்பும் புளிப்பும் உலோகத்தை அரித்துவிடும். நன்றாக வெந்த பீங்கானின் மெருகை அவை ஒன்றும் செய்வதில்லை. ஆனால் ஓர் எச்சரிக்கை: குறைந்த சூட்டில் சுட்ட, வர்ணம் பூசிய அலங்காரச் சாமான்களில் ஊறுகாயோ மோரோ ஊற்றி வைக்கக்கூடாது. சில பூச்சுகளில் ஈயம் சேர்ந்திருக்கும். புளிப்பு பட்டால் அது உணவில் இறங்கும். அலமாரிக்கு வாங்கியது அலமாரியிலேயே இருக்கட்டும்.

ஊரைப் பார்க்க மே மாதம்

சரி, விருத்தாசலத்தில் குடியேறலாமா? நான் யாருக்கும் ஊர் சிபாரிசு செய்வதாக இல்லை. கோயில், ரயில், கடைத்தெரு எல்லாம் நடக்கிற தூரத்தில் இருக்கும் நடுத்தர ஊர் ஒன்றில் வயதானவர்களுக்குச் சௌகரியங்கள் உண்டு. ஆனால் கோடையில் இந்தப் பக்கத்து வெயில் பொல்லாதது. மாசி மகத்துக்கு வந்து, தேரையும் கூட்டத்தையும் பார்த்து மயங்கி, அந்த ஜோரிலேயே அட்வான்ஸ் கொடுத்துவிடக்கூடாது. எந்த ஊரானாலும் ஒரு மே மாதத்தில் பத்து நாளும், ஐப்பசி அடை மழையில் பத்து நாளும் வாடகைக்கு இருந்து பாருங்கள். தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது, இராத்திரி இரண்டு மணிக்கு மார் வலித்தால் எந்த ஆஸ்பத்திரி, அங்கே போக எத்தனை நிமிஷம் என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். இதை நேரில் கேட்டு விசாரிப்பது வீட்டுக்காரரின் வேலை என்று விட்டுவிடாதீர்கள். அவர் ஸ்டேஷன் மாஸ்டரோடு அரசியல் பேசிவிட்டுத் திரும்பி வந்துவிடுவார்.

வயதானவர்களுக்கென்றே கட்டிய குடியிருப்புகளும் இப்போது இருக்கின்றன. கோயம்புத்தூர்ப் பக்கத்தில் இவை அதிகம். சமையல் பொதுக்கூடத்தில், கூப்பிட்டால் நர்ஸ் வருவார், குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கும். ஐம்பது வருஷம் அடுப்படியில் நின்றவளுக்கு, யாரோ சமைத்துப் போட உட்கார்ந்து சாப்பிடுவது என்பது சொர்க்கம்தான். உப்புக் குறைவு என்று குறை சொல்லும் உரிமையும் முதல் தடவையாகக் கிடைக்கிறது!

பணம் கொடுக்குமுன் விஷயத்தை நன்றாகத் தெரிந்துகொள்ள வேண்டும். சில இடங்களில் வீடு நமக்கே சொந்தம், பத்திரம் உண்டு. சில இடங்களில் பெரிய தொகை டிபாசிட். இருக்கிறவரை இருக்கலாம், பிறகு பிடித்தம் போகத் திருப்புவார்கள். சில இடங்களில் வெறும் மாத வாடகை. இவை தவிர மாதாந்திரப் பராமரிப்புக் கட்டணம் எல்லா இடத்திலும் உண்டு. வருஷா வருஷம் ஏறும். கட்டுகிறவர் ஒருவர், சோறு போட்டுக் கவனிக்கிறவர் வேறொருவர் என்றும் இருக்கும். அதனால், கட்டுகிறவர், கவனிக்கிறவர், குடிவருகிறவர் ஆகிய மூவரும் சேர்ந்து ஒப்பந்தம் எழுதவேண்டும் என்று 2019-ல் மத்திய அரசு வெளியிட்ட மாதிரி நெறிமுறைகள் சொல்கின்றன. உங்களிடம் நீட்டுகிற காகிதத்தில் எத்தனை கையெழுத்து இருக்கிறது என்று பாருங்கள்.

இனிமேல் சொல்லப்போவது கொஞ்சம் கசப்பான கணக்கு. பழைய முறையில் பென்ஷன் வாங்குகிற சர்க்கார் உத்தியோகஸ்தர் ஒருவர் கடைசியாக 80,000 ரூபாய் அடிப்படைச் சம்பளம் வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். பாதி, அதாவது 40,000, அவருடைய பென்ஷன். அகவிலைப்படி தனி. அவர் காலத்துக்குப் பிறகு மனைவிக்கு வருகிற குடும்ப பென்ஷன் சம்பளத்தில் 30 சதவீதம், 24,000 ரூபாய். மத்திய சர்க்கார் விதிப்படி, ரிடையர் ஆனபின் சீக்கிரத்திலேயே அவர் இறந்துவிட்டால், 7 வருஷம் வரையிலோ அல்லது அவருக்கு 67 வயது ஆகியிருக்கக்கூடிய நாள் வரையிலோ, எது முந்தியோ அதுவரை, கூடுதலாகக் கொடுப்பார்கள். எழுபத்தைந்தில் போனால் அந்தப் பேச்சே இல்லை. நேரே 24,000 தான்.

குடியிருப்பில் இரண்டு பேருக்கும் மாதம் 28,000 ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் போய்விட்டால் சாப்பாட்டுச் செலவு பாதியாகும். பராமரிப்புக் கட்டணமோ வீட்டுக்குத்தான், ஆளுக்கல்ல. அது குறையாது. பத்து வருஷத்தில் ஏறியும் இருக்கும். நம் வீடுகளில் மனைவி கணவரைவிட நாலைந்து வயது இளையவள். பெண்களுக்கு ஆயுளும் சற்றுக் கூட. ஆகவே இருவருமாகத் தேர்ந்தெடுக்கிற வீட்டில் கடைசியில் தனியாக இருக்கப்போவது பெரும்பாலும் அவள்தான். "நான் போன பிறகு இவளால் இங்கே இருக்க முடியுமா?" என்பதைக் கணவரும், "அவர் போன பிறகு எனக்கு இங்கே பேச்சுத்துணை யார்?" என்பதை மனைவியும் கேட்டுப் பார்க்கவேண்டும். அமங்கலமான பேச்சு என்று வாயை மூடிக்கொண்டால், பிற்பாடு அதைப் பிள்ளைகளும் மாப்பிள்ளையும் கூடிப் பேசி முடிவு செய்வார்கள்.

இருக்கிற வீட்டைப் பிள்ளை பேரில் எழுதி வைத்துவிட்டுக் கிளம்புகிறவர்களும் உண்டு. பழமலைநாதர் கோயிலில் பொன் வாங்கிய சுந்தரர் கதையை நினைத்துக்கொள்ளுங்கள். 12,000 பொன்னை ஸ்வாமி கொடுத்தார். வழியில் பயம் என்று, மணிமுத்தாற்றில் போட்டுவிட்டு, திருவாரூர்க் குளத்தில் எடுத்துக்கொள்ளும்படி உத்தரவாயிற்று. ஆற்றில் போட்டுவிட்டுக் குளத்தில் தேடுகிறாரே என்று வீட்டில் பரவை நாச்சியார் சிரித்தாளாம். அவருக்குப் பொன் கிடைத்துவிட்டது. ஆனால் அவருமே போடுவதற்கு முன்னால், மாற்றுப் பார்க்க ஒரு துண்டு பொன்னை வெட்டிக் கையில் வைத்துக்கொண்டார்!

நம்மைப் போன்றவர்களுக்கு அந்தத் துண்டு, பத்திரத்தில் எழுதுகிற ஒரு வாசகம். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-ல் வந்தது. சொத்தை எழுதி வாங்கிக்கொண்டவர், சோறு, வைத்தியம் முதலிய அவசியங்களைக் கவனிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதி வைத்து, பிறகு அவர் கவனிக்கத் தவறினால், அந்தப் பத்திரம் செல்லாது என்று தீர்ப்பாயத்தில் கேட்கலாம். இந்தச் சட்டத்தின் 23-ஆவது பிரிவு அது. நிபந்தனை பத்திரத்தில் இல்லாமல் போனால் வழக்கு சிக்கலாகிவிடும். ஆகையால் பிள்ளை எவ்வளவு தங்கமானவனாக இருந்தாலும் அந்த ஒரு வரியை எழுதச் சொல்லுங்கள். தங்கமானவன் கோபித்துக்கொள்ள மாட்டான். ஜீவனாம்சம் கேட்டும் அதே தீர்ப்பாயத்துக்கு விண்ணப்பம் போடலாம். மாதம் 10,000 ரூபாய் வரை உத்தரவிட அந்தச் சட்டம் இடம் கொடுக்கிறது. தமிழ்நாட்டில் கோட்டாட்சியர் அலுவலகத்தில் விசாரிக்கவேண்டும். வக்கீல் வைத்துத்தான் வாதாட வேண்டும் என்பதில்லை. நம் கதையை நாமே சொல்லலாம்.

இன்னொன்று. குடியிருப்பு ஒப்பந்தத்தில் இருவர் பெயரும் இருக்கட்டும். டிபாசிட் ரசீதிலும் இருக்கட்டும். பென்ஷன் உத்தரவில் மனைவியின் பெயரும் பிறந்த தேதியும் சரியாக இருக்கின்றனவா என்று ஊர் சுற்றக் கிளம்புமுன்பே பார்த்துவிடுங்கள். ஆதாரில் ஓர் எழுத்து, பாங்கியில் ஓர் எழுத்து என்று இருந்தால், இப்போது அவர் போய் ஒரு கையெழுத்துப் போட்டுத் திருத்துவது சுலபம். அப்புறம் நீங்கள் தனியாக அலையவேண்டி வரும்.

விருத்தாசலத்தில் இறங்குகிறவர்கள் தரிசனம் முடித்து, ஜாடி வாங்காமல் திரும்பாதீர்கள். வாங்கும்போது உள்ளங்கையில் நிறுத்தி, விரல் கணுவால் ஒரு தட்டுத் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் நல்லது. மந்தமாகக் கேட்டால், கண்ணுக்குத் தெரியாத கீறல் எங்கேயோ இருக்கிறது. பேரம் பேசாமல் கீழே வைத்துவிடுங்கள். ரயிலில் கொண்டுவர, ஜாடிக்குள் ஒரு பழைய புடவையைத் திணித்து, வெளியே ஜமக்காளத்தைச் சுற்றிக் கட்டினால், கீழ்ப் படுக்கைக்கு அடியில் பத்திரமாக வந்து சேரும்.